சொந்தமாகச் செய்த கோல்ட் பிளன்ஜ் தொட்டி: நிப்பிளில் கசிவு, சில்லரில் ஃப்ளோ எர்ரர், ராத்திரி முழுக்க ஓடியும் 19 டிகிரிதான்

பனித்துளி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நீண்ட தூரம் ஓடுகிற பழக்கம் எனக்கு. ஓட்டம் முடிந்து வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சில நிமிடம் உட்கார்ந்தால் கால் வலி நன்றாகக் குறைகிறது, அதனால் ஆறு மாதமாக ஐஸ் கொட்டித்தான் சமாளித்து வந்தேன். தினமும் ஐஸ் சுமந்து மாளவில்லை. போன மாதம் ஒரு சின்ன சில்லரும் (தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) பம்பும் வாங்கி, தொட்டியில் நானே துளை போட்டு, பைப் வேலையையும் நானே செய்தேன். பாதி வேலை செய்கிறது, பாதி செய்யவில்லை.

தொட்டி கனமான பாலிஎத்திலீன். நீளம் 1.4 மீட்டர், அகலம் 70 செ.மீ., உயரம் 60 செ.மீ. அடியிலிருந்து சுமார் 42 செ.மீ. வரை, அதாவது 400 லிட்டர் நிரப்புகிறேன். கான்கிரீட் தரை மேல், கூரைக்கு அடியில் இருக்கிறது. ஒரே பக்கச் சுவரில் இரண்டு துளை. கீழே உள்ளது தண்ணீர் வெளியே போக, அதற்கு ஒரு சாண் மேலே உள்ளது திரும்பி வர. தொட்டியிலிருந்து அரை இன்ச் ஹோஸ் மூன்று மீட்டர் போய் ஃபில்டரில் சேரும், அங்கிருந்து பம்ப், பிறகு சில்லர், பிறகு தொட்டி. தரை ஈரம் படக்கூடாது என்று பம்பை ஒரு ஸ்டூல் மேல் வைத்திருக்கிறேன். பம்ப் 70 வாட். சில்லர் பெட்டியில் குளிர்விக்கும் திறன் 1000 வாட் என்று போட்டிருக்கிறது.

பிரச்சினை மூன்று. கீழ்த் துளையில் பைப்பை இணைக்க மாட்டிய நிப்பிளைச் சுற்றித் தண்ணீர் கசிகிறது. சிலிக்கான் போட்டு ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன், மூன்றாம் நாள் மறுபடியும் அதே இடத்தில் சொட்டு. இரண்டு முறை இப்படி ஆகிவிட்டது. அடுத்து, ஒவ்வொரு முறையும் பம்புக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் இழுக்க ஆரம்பிக்கிறது, ஆரம்பித்த இருபது நிமிடத்தில் சில்லர் ஃப்ளோ எர்ரர் காட்டி நின்றுவிடும். திரும்பி வரும் தண்ணீரில் எப்போதும் குட்டிக் குட்டிக் குமிழிகள், ஆனால் வெளியே எங்கேயும் ஈரமே இல்லை. கடைசியாக, ராத்திரி பத்து மணி நேரம் பக்கத்திலேயே இருந்து, நிற்கும்போதெல்லாம் திரும்பப் போட்டுவிட்டும், 28 டிகிரியிலிருந்து 19 வரைக்கும்தான் வந்தது. சில்லர் சின்னதாக வாங்கிவிட்டேனா? பெரியதாக மாற்ற வேண்டுமா? நேராகச் சொல்லுங்கள், பிரித்து முதலிலிருந்து செய்யவும் தயார்.

குழாய்வேலை எழுதியது:

தம்பி, இவ்வளவு அளவும் கொடுத்துக் கேட்டதே நல்லது, பாதி வேலை முடிந்தது. சில்லரை இப்போது மாற்றாதீர்கள். இதைவிட இரண்டு மடங்கு பெரியதை வைத்தாலும் இந்த பைப்பில் அதுவும் இருபது நிமிடத்தில் நிற்கும்.

முதலில் நிப்பிள். பாலிஎத்திலீனில் சிலிக்கான் ஒட்டுவது தாமரை இலையில் தண்ணீர் ஒட்டுகிற மாதிரிதான். பிவிசி ஒட்டுகிற சொல்யூஷனும் அதில் பிடிக்காது. அந்த பிளாஸ்டிக்கின் குணமே அப்படி. அதனால் கசிவைப் பசை வைத்து அடைக்கிற யோசனையையே விட்டுவிடுங்கள், அங்கே தண்ணீரை நிறுத்த வேண்டியது ரப்பர் வாஷர் மட்டும்தான். தொட்டியைக் காலி செய்து நிப்பிளைக் கழற்றுங்கள். கழற்றும் முன் நட் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள், டேங்க் நிப்பிள்களில் பல இடது மரையோடு வரும், தெரியாமல் பலமாகத் திருகினால் இன்னும் இறுகும் அல்லது உடையும். ஒட்டியிருக்கிற பழைய சிலிக்கானை ஒரு துணுக்குகூட விடாமல் சுரண்டி எடுங்கள். பிறகு துளையின் விளிம்பில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஹோல்சா (வட்டத் துளை போடும் ரம்பம்) போட்ட துளையில் உள்பக்கம் மெல்லிய பிசிறு சுருண்டு நிற்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, விரலுக்குத் தெரியும். வாஷருக்கு அடியில் அந்தப் பிசிறு இருக்கும்வரை எவ்வளவு இறுக்கினாலும் சொட்டு நிற்காது. கூர்மையான கத்தியால் சீவி, பிறகு மெல்லிய உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிடுங்கள்.

மாட்டும்போது நிப்பிளின் அகலமான விளிம்பு தொட்டிக்கு உள்ளே, அந்த விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் வாஷர், நட் வெளியே. நிறையப் பேர் வாஷரை வெளியே நட்டுப் பக்கம் போட்டுவிடுகிறார்கள், அப்போது தண்ணீர் மரை வழியாகவே ஊர்ந்து வந்துவிடும். இந்த மரையில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், வாஷர்தான் அடைக்கிறது, டேப் சுற்றினால் நட் சரியாக உட்காராது. கையால் முடிந்தவரை இறுக்கிவிட்டு, அதற்கு மேல் கருவியால் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று. வாஷர் பிதுங்கி வெளியே தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். இன்னொரு விஷயம், துளை போட்ட இடம் சமமாக இருக்கிறதா? வளைவிலோ, அச்சில் வந்த மேடு வரியின் மேலோ விழுந்திருந்தால் வாஷர் முழுவதும் படியாது. அப்படியிருந்தால் கொஞ்சம் கனமான, மிருதுவான வாஷர் போடுங்கள், அதுவும் கேட்கவில்லை என்றால் துளையைச் சமமான இடத்துக்கு மாற்றுவதுதான் வழி.

இப்போது குமிழி. வெளியே ஈரமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விடை அதில்தான் இருக்கிறது. பம்புக்கு முன்னால் இருக்கிற பைப்பில் உறிஞ்சல் நடக்கிறது. அங்கே ஒரு இணைப்பு லூசாக இருந்தால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அந்தக் காற்றுதான் குமிழியாகத் தொட்டிக்கு வருகிறது, பம்பின் தலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து கடைசியில் ஓட்டத்தையே நிறுத்துகிறது, சில்லரும் தண்ணீர் வரவில்லை என்று எர்ரர் காட்டுகிறது. எங்கே இழுக்கிறது என்று கண்டுபிடிக்க ஷேவிங் ஃபோம் போதும். பம்ப் ஓடும்போது ஒவ்வொரு மூட்டிலும் கனமாகத் தடவிவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள், காற்று இழுக்கிற இடத்தில் நுரையில் குழி விழும்.

ஆனால் காற்று போகிற ஓட்டையை அடைத்தால் மட்டும் போதாது, உங்கள் பம்பை அவ்வளவு கஷ்டப்பட வைத்திருக்கிறீர்கள். தண்ணீர் மட்டம் 42 செ.மீ., பம்ப் ஸ்டூல் மேல் இருக்கிறது, அதாவது தண்ணீரை விட உயரத்தில். இந்த வகைச் சின்ன பம்புகள் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் இல்லை. தானாக ஏர் எடுத்து இழுக்கிற திறனே அவற்றுக்குக் கிடையாது, அதனால்தான் தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். பம்பைக் கீழே இறக்குங்கள், ஈரத்துக்குப் பயந்தால் ஒரு செங்கல் உயரம் போதும். தண்ணீர் தானாக இறங்கி பம்புக்குள் நிற்க வேண்டும்.

அடுத்து அந்த அரை இன்ச் ஹோஸ். அதே அளவு தண்ணீர் 1 இன்ச் பைப்பில் போனால் உராய்வில் இழக்கிற அழுத்தம் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். சக்‌ஷன் பக்கம், அதாவது பம்ப் உறிஞ்சுகிற பக்கம், 1 இன்ச் போடுங்கள், நீளத்தை ஒரு மீட்டருக்குள் முடியுங்கள், உள்ளே சுருள் கம்பி வைத்த ஹோஸாக இருக்கட்டும், சாதா ஹோஸ் உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் மேலே ஏறி இறங்குகிற மேடு எங்கேயும் வேண்டாம், காற்று அங்கேதான் போய் உட்காரும்.

ஃபில்டரை பம்புக்கு முன்னால் வைத்ததும் தவறு. கார்ட்ரிட்ஜ் அழுக்கு சேரச் சேர பம்புக்கு மூச்சு முட்டும். வரிசை இப்படி இருக்கட்டும்: தொட்டி, முடியும் இலையும் பிடிக்க ஒரு சல்லடைக் கூடை, பம்ப், ஃபில்டர், சில்லர், தொட்டி. திரும்பி வருகிற பைப்பை இப்போது இருக்கிற சுவரிலேயே விடாதீர்கள், எதிர் முனைக்குக் கொண்டுபோங்கள். இப்போது குளிர்ந்து வந்த தண்ணீரையே ஒரு சாண் தள்ளி மறுபடி உறிஞ்சிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் எந்த வீட்டில் வேலை செய்தாலும் விடாமல் செய்வது ஒன்று உண்டு. தொட்டியில் வைக்கிற இரண்டு நிப்பிளிலும் உடனே ஒரு பால் வால்வு, பம்ப், ஃபில்டர், சில்லர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் யூனியன் (பைப்பை வெட்டாமல் கழற்றி மாட்டும் இணைப்பு). இன்றைக்கு அது கூடுதல் செலவு மாதிரி தெரியும். பம்பைக் கழற்ற 400 லிட்டரையும் வெளியே விட வேண்டிய நாளில்தான் அதன் அருமை புரியும். ஹோஸ் எங்காவது பிடுங்கிக்கொண்டால் தொட்டி முழுவதும் தரைக்கு வராமல் இருக்கவும் அந்த வால்வுதான் காவல். அடியில் தனியாக ஒரு டிரெயின் துளையும் வையுங்கள், 1 இன்ச்சுக்குக் குறையாமல்.

எல்லாம் மாட்டிய பிறகு தொட்டியை நிரப்பி 24 மணி நேரம் சும்மா விடுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கு அடியிலும் காய்ந்த டிஷ்யூ பேப்பர் வைத்துவிடுங்கள், கைக்குத் தெரியாத ஈரமும் அதில் தெரியும். அது முடியாமல் வெளியே இன்சுலேஷன் ஒட்டாதீர்கள்.

மீனா_ரெஃப்ரிஜரேஷன் எழுதியது:

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. சில்லர் சின்னதா என்ற கேள்விக்கு மட்டும் நான் கணக்குப் போடுகிறேன், ஏனென்றால் இதில் நிறையப் பேர் தேவையில்லாமல் பெரிய இயந்திரம் வாங்கிவிடுகிறார்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 4.186 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 400 லிட்டர், 28-லிருந்து 10 வரை 18 டிகிரி. பெருக்கினால் சுமார் 30,100 கிலோஜூல், யூனிட்டில் சொன்னால் 8.4. உங்கள் சில்லர் 1000 வாட் வெப்பத்தை இழுக்கிறது என்றால், வெளியிலிருந்து சொட்டு வெப்பம்கூட உள்ளே வராமல் இருந்தால், எட்டரை மணி நேரத்தில் வேலை முடிய வேண்டும். இதையே ஐஸால் செய்ய ஏறக்குறைய 80 கிலோ தேவை. நீங்கள் ஆறு மாதம் சுமந்தது எவ்வளவு என்று இதிலேயே தெரிகிறது.

ஆக சில்லர் போதும். பிறகு ஏன் 19-ல் நின்றது? ஒன்று, அது பாதி நேரம் எர்ரரில் நின்றிருக்கிறது. இன்னொன்று, தொட்டிக்கு இன்சுலேஷன் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, அப்படியென்றால் வெறும் பிளாஸ்டிக் சுவர் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். மூடியும் இல்லையோ? உங்கள் அளவுக்கு எல்லாப் பக்கமும் சேர்த்து நான்கு சதுர மீட்டருக்கு மேல் வரும். தண்ணீர் 10, வெளியே 30 என்று வைத்தால் வெறும் சுவர் வழியாக 600 வாட்டுக்கு மேல் வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். 1000 வாட் இயந்திரத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடுகிறது. அதே தொட்டிக்கு ஆறு பக்கமும் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் போர்டு (கெட்டியான பாலிஸ்டைரீன் நுரைப் பலகை) ஒட்டினால் இது 50, 60 வாட்டுக்கு இறங்கும். பத்தில் ஒரு பங்கு! இன்னொரு சில்லர் வாங்குகிற காசில் போர்டு வாங்குங்கள்.

போர்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பஞ்சு மாதிரி இருக்கிற இன்சுலேஷனைத் தொடவே தொடாதீர்கள். குளிர்ந்த சுவரில் காற்றின் ஈரம் வியர்த்துக்கொண்டே இருக்கும், பஞ்சு அதைக் குடித்துக் கனத்து, கறுத்து, கடைசியில் இன்சுலேஷனாகவே இருக்காது. மூடிய துளைகள் உள்ள எக்ஸ்பிஎஸ் மாதிரி போர்டுதான் வேண்டும். சாதாரண தெர்மோகோல் பரவாயில்லை ரகம், அடர்த்தியானதாகப் பார்த்து வாங்குங்கள். போர்டுக்கும் சுவருக்கும் நடுவில் காற்று நுழையாமல் எல்லா மூட்டையும் டேப் போட்டு மூடுங்கள். தொட்டிக்கு அடியில் கட்டாயம் போர்டு வேண்டும். நிரம்பிய தொட்டியும் ஆளும் சேர்ந்து 500 கிலோ தாண்டும், ஆனால் ஒரு சதுர மீட்டரில் பரவுவதால் நல்ல எக்ஸ்பிஎஸ் அதைச் சுலபமாகத் தாங்கும். குளிர்ந்த பைப்புகளுக்கும் கறுப்பு நுரைக் குழாய் மாட்டிவிடுங்கள்.

எடை என்றதும் ஞாபகம் வருகிறது, இதைப் படித்துவிட்டு மாடியில் வைக்க நினைக்கிறவர்களுக்காக: வீட்டுத் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோவைக் கணக்கில் வைத்துக் கட்டப்படுகின்றன. பொறியாளரிடம் கேட்காமல் வைக்காதீர்கள்.

பம்பையும் கவனியுங்கள். பம்ப் எடுக்கிற கரண்டில் பெரும்பகுதி கடைசியில் வெப்பமாகத் தண்ணீரில்தான் சேரும். தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற 100 வாட் பம்பை நாள் முழுக்க ஓட விட்டால், அது மட்டுமே 400 லிட்டரை 5 டிகிரி சூடாக்கும். உங்கள் 70 வாட் வெளியே இருக்கிறது, அதனால் கொஞ்சம் குறைவு. பெரிய பம்ப் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சில்லர் கேட்கிற குறைந்தபட்ச ஓட்டம் அதன் கையேட்டில் இருக்கும், அதற்குக் கொஞ்சம் மேலே வந்தால் போதும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று ஒரு பக்கெட்டும் கடிகாரமும் வைத்து அளந்துவிடுங்கள்.

சில்லர் எங்கே நிற்கிறது என்று சொல்லவில்லை. தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பமும் அது எடுத்த கரண்டும் சேர்ந்து பின்னால் சூடான காற்றாக வெளியே வரும். மூடிய அலமாரிக்குள்ளோ சுவரை ஒட்டியோ வைத்தால் அது விட்ட சூட்டையே அது திரும்ப இழுக்கும், திறன் சரசரவென்று விழும். அந்தச் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சர் பக்கம் அரை மீட்டராவது காலியாக விடுங்கள். தூசி பிடித்தால் மாதம் ஒரு முறை பிரஷ் போட்டுத் தட்டுங்கள்.

வழிப்போக்கன் எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பழைய செஸ்ட் ஃப்ரீசர் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. அதிலேயே தண்ணீர் நிரப்பிவிட்டால் சில்லர், பைப் எதுவும் வேண்டாமே? இணையத்தில் நிறையப் பேர் செய்கிறார்கள்.

மரத்தச்சன் எழுதியது:

நான் செய்தேன், இரண்டு வருடம் பயன்படுத்தினேன், இப்போது அதைப் பிரித்துவிட்டு மரச்சட்டத்தில் புதிதாகக் கட்டியிருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஃப்ரீசரின் உள்தகடு தண்ணீர் நிற்பதற்காகச் செய்ததில்லை. மூலைகளில் தகடுகள் சேருகிற இடத்தில் இடைவெளி இருக்கும். அதை எபாக்ஸி போட்டு அடைத்தேன். ஒரு வருடம் தாங்கியது. தண்ணீர் குளிரும்போதும் சூடாகும்போதும் தகடு விரிந்து சுருங்கி, ஒரு மூலையில் முடி மாதிரி வெடிப்பு விழுந்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டுகூட வரவில்லை, எல்லாத் தண்ணீரும் சுவருக்குள் இருக்கிற நுரைக்குள் போயிருக்கிறது. மட்டம் வாரத்துக்கு ஒரு விரல் குறைவதை ஆவியாகிறது என்றே நினைத்தேன். பிரித்தபோது நுரை நனைந்த ரொட்டி மாதிரி கையோடு வந்தது, கீழே கம்ப்ரசர் பக்கத்துக் கம்பிகள் எல்லாம் பச்சை பிடித்திருந்தன. அந்தத் தண்ணீருக்குள்தான் தினமும் கழுத்து வரை உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்குக் கை நடுங்கியது.

அதனால் வழிப்போக்கன், செய்வதென்றால் உள்ளே ஒரே துண்டான குளத்து லைனர் விரித்துச் செய்யுங்கள், மூட்டுப் பசையை நம்பாதீர்கள். பக்கச் சுவரில் துளை போடவே கூடாது, குளிர்விக்கும் குழாய்கள் அந்தச் சுவருக்குள்தான் ஓடுகின்றன. புதிய ஃப்ரீசர்களில் இருக்கும் ஆர்600ஏ என்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றும் வாயு. ஃப்ரீசரின் சொந்தத் தெர்மோஸ்டாட் தண்ணீரை உறைய வைத்துவிடும், உறைந்தால் 9 சதவீதம் விரியும், தொட்டியே பிளக்கும். வெளியே ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர் போட்டு அதன் சென்சாரைத் தண்ணீரில் வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே இறங்கும் முன் பிளக்கைப் பிடுங்கிக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்தது போதாது. குழந்தைகள் உள்ள வீடென்றால் அந்த மூடிக்குப் பூட்டு போடாமல் ஒரு இரவுகூட விடாதீர்கள்.

பனித்துளி, உங்களுக்கும் இது பொருந்தும். பம்பும் சில்லரும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகத்தான் வர வேண்டும், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள், மாதம் ஒரு முறை அந்த டெஸ்ட் பட்டனை அழுத்தி ட்ரிப் ஆகிறதா பாருங்கள். பிளக் பாயிண்ட் தொட்டியிலிருந்து கை எட்டாத தூரத்தில் இருக்கட்டும். ஒயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவு தொங்கினால், ஒயர் வழியாக ஓடிவரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது.

சக்‌ஷன் துளைக்கு உள்ளே மேடான, பல ஓட்டை உள்ள மூடி போடுங்கள், தட்டையான ஒற்றை ஓட்டையாக விடாதீர்கள். முடி நீளமாக உள்ளவர்களை அது பிடித்து இழுக்கும். அமெரிக்காவில் ஒரு சிறுமி சூடான தொட்டியின் டிரெயினில் உறிஞ்சப்பட்டு இறந்த பிறகு, 2007-ல் இதற்கென்று சட்டமே கொண்டுவந்தார்கள். உங்கள் பம்ப் சின்னதுதான், ஆனால் அந்த மூடி ஒரு சின்ன விஷயம், போட்டுவிடுங்கள்.

குளிர்ந்த தண்ணீரில் இறங்கிய முதல் அரை நிமிடத்தில் மூச்சு தானாகத் திணறி இழுக்கும், இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் ஏறும். இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கும். அந்த நேரம் தலை தண்ணீருக்குள் இருக்கக் கூடாது. ஐஸில் பழகியவர் நீங்கள், ஆனால் ஐஸ் உருகி நிற்கிற தண்ணீரும் பம்ப் சுழற்றுகிற தண்ணீரும் ஒன்றில்லை. அசையாத தண்ணீரில் உடம்பைச் சுற்றி மெல்லிய வெதுவெதுப்பான படலம் உருவாகும், ஓடும் தண்ணீர் அதைக் கலைத்துவிடும், அதே 12 டிகிரி இன்னும் கடுமையாக இருக்கும். முதல் வாரம் 15-ல் வைத்துத் தொடங்குங்கள், வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கட்டும். இதய நோயோ ரத்த அழுத்தமோ உள்ள உறவினர் ஆசைப்பட்டால் மருத்துவரைக் கேட்காமல் இறங்க விடாதீர்கள்.

பனித்துளி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று தொட்டியைக் காலி செய்தேன். குழாய்வேலை அண்ணன் சொன்ன மாதிரியே விரலை ஓட்டிப் பார்த்தேன், துளையின் கீழ் விளிம்பில் நகம் மாதிரி ஒரு பிசிறு! வாஷரில் அது பதிந்த தடமும் தெரிந்தது. வாஷரையும் நான் வெளிப்பக்கம்தான் போட்டிருந்தேன். கழற்றும் முன் ஷேவிங் ஃபோமும் போட்டுப் பார்த்தேன், ஃபில்டர் மூடியின் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்தின் பக்கத்தில் நுரை குழிந்து உள்ளே போனது. இவ்வளவு நாள் சந்தேகமே படாத இடம்.

மீனா அக்கா, ஆமாம், இன்சுலேஷன் கிடையாது, மூடியும் கிடையாது. சில்லர் சுவரிலிருந்து ஒரு ஜாண்தான் தள்ளி இருந்தது. எல்லாவற்றையும் மாற்றுகிறேன்.

பைப் வேலைக்கு இன்னும் சில நாள் ஆகும். அதற்குள் இன்னொரு சந்தேகம். ஐஸ் போட்டபோது இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றிவிடுவேன். இப்போது அதே தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கப் போகிறது. குளிர்ந்த தண்ணீரில் கிருமி வளராது என்கிறார்கள், அது உண்மையா? ஓசோன், யூவி எல்லாம் வாங்க வேண்டுமா?

தெளிந்தநீர் எழுதியது:

குளிர் கிருமியின் வளர்ச்சியை மெதுவாக்கும், கொல்லாது. அதுவும் ஹோஸின் உள்சுவரிலும் ஃபில்டரிலும் வழவழவென்று ஒரு படலம் பிடிக்கும் பாருங்கள், அது 10 டிகிரியிலும் மெல்ல வளரும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும்போதே ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டால் வழுக்கும்.

யூவி விளக்கு தன்னைக் கடந்து போகிற தண்ணீரை மட்டும்தான் சுத்தம் செய்யும், தொட்டியில் நிற்கிற தண்ணீருக்கும் சுவரில் ஒட்டியிருப்பதற்கும் அதால் ஒன்றும் செய்ய முடியாது. ஓசோன் நன்றாக வேலை செய்யும், ஆனால் இயற்கை ரப்பர் வாஷர்களை அரித்துவிடும், மூடியைத் திறந்ததும் அதன் வாயுவை மூச்சில் இழுப்பதும் நல்லதில்லை. ஒரு வீட்டுத் தொட்டிக்கு நான் குளோரினைத்தான் சொல்வேன். மில்லியனுக்கு 1 முதல் 3 பங்கு, பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.2 முதல் 7.8. வாசனை எதுவும் சேர்க்காத 5 சதவீத ப்ளீச் என்றால் 400 லிட்டருக்கு 16 மில்லி ஊற்றினால் சுமார் 2 பங்கு வரும். அவ்வளவுதான், ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் மேலே. நிறையப் பேர் அரைக் கோப்பை ஊற்றிவிட்டுத் தோல் எரிகிறது என்கிறார்கள். சோதனைப் பட்டைகள் வாங்கி, முதல் இரண்டு வாரம் தினமும் பாருங்கள். உங்கள் தொட்டி எவ்வளவு குளோரினைத் தின்கிறது என்று அதற்குள் பிடிபட்டுவிடும். பிஎச்சை விட்டுவிடாதீர்கள், 7.5-ல் குளோரினில் ஏறக்குறைய பாதிதான் கிருமியைக் கொல்கிற வடிவத்தில் இருக்கும், பிஎச் ஏற ஏற அதுவும் குறையும். ரொம்ப இறங்கினாலும் ஆபத்து, சில்லருக்குள் இருக்கும் குழாய் செம்பாக இருந்தால் அரித்துவிடும். டைட்டானியமா செம்பா என்று கையேட்டில் பாருங்கள்.

சிலர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுகிறார்கள். அது தனி வழி. குளோரினோடு சேர்த்து ஊற்றாதீர்கள், ஒன்றை ஒன்று அழித்துவிடும், இரண்டு காசும் வீண்.

ஃபில்டர் 20 மைக்ரான் போதும். 5 போட்டால் சீக்கிரம் அடைத்து ஓட்டம் குறைந்து, உங்கள் பழைய எர்ரர் திரும்ப வரும். வாரம் ஒரு முறை கழற்றி அலசுங்கள். ஓடிவிட்டு வந்த வியர்வையோடு நேராக இறங்காமல் ஒரு குளியல் போட்டுவிட்டு இறங்குங்கள், எந்த மருந்தையும் விட அதுதான் தண்ணீரைக் காப்பாற்றும். இப்படி வைத்துக்கொண்டால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். மாற்றும்போது குளோரினைக் கொஞ்சம் கூட்டி ஒரு மணி நேரம் சுழல விட்டு, பைப்பெல்லாம் அலசிய பிறகு காலி செய்யுங்கள்.

பனித்துளி எழுதியது:

வேலை முடிந்தது, முடிவைச் சொல்ல வந்தேன்.

கீழ் நிப்பிள் புது வாஷரோடு உள்பக்கம் போட்டு 24 மணி நேரம் வைத்தேன். டிஷ்யூ பேப்பர் காய்ந்தே இருந்தது. பம்ப் இப்போது ஒரு செங்கல் மேல், சக்‌ஷன் 1 இன்ச், 80 செ.மீ. நீளம்தான். வால்வைத் திறந்ததும் தண்ணீர் தானாக இறங்கி பம்பை நிரப்பியது, ஒரு கை தண்ணீர்கூட ஊற்றவில்லை. ஃபில்டரை பம்புக்குப் பின்னால் மாற்றி, ஓ-ரிங்கை மாற்றி, அதன் தலையில் உள்ள பட்டனை அழுத்திக் காற்றை வெளியேற்றினேன். ஐந்து நிமிடத்தில் குமிழி மொத்தமாக நின்றுவிட்டது. பக்கெட் வைத்து அளந்ததில் நிமிடத்துக்கு 17 லிட்டர் வருகிறது, முன்பு 6 தான் வந்திருக்கிறது. ஃப்ளோ எர்ரர் ஒரு முறைகூட வரவில்லை.

ஆறு பக்கமும் 50 மி.மீ. போர்டு, மூடிக்கும் அதே போர்டுதான். சில்லரை வெளிப்பக்கம் திருப்பி வைத்தேன். நேற்று ராத்திரி 28-ல் போட்டது, ஒன்பதரை மணி நேரத்தில் 11-க்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மணிக்கு 10, 12 நிமிடம்தான் கம்ப்ரசர் ஓடுகிறது, மற்ற நேரம் சத்தமே இல்லை. ஆர்சிசிபி போட்டாயிற்று, எர்த்தும் அளந்தாயிற்று.

ஒன்று மட்டும் நானாகக் கண்டுபிடித்தேன், யாருக்காவது உதவும். உட்கார்ந்ததும் தண்ணீர் மட்டம் ஏறக்குறைய 8 செ.மீ. ஏறுகிறது. முதலில் திரும்பி வரும் பைப்பைத் தண்ணீருக்கு மேலே வைத்திருந்தேன், அது விழுகிற இடத்தில் காற்று கலந்து மறுபடி குமிழி வந்து பயந்துவிட்டேன். பைப்பை எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருக்கும்படி இறக்கியதும் சரியாகிவிட்டது. அதனால் நிரப்பும் கோட்டை ஆள் இல்லாத மட்டத்துக்கும் ஆள் உள்ள மட்டத்துக்கும் சேர்த்து இரண்டாகப் போட்டிருக்கிறேன்.

தொடக்கத்துக்கு 15-ல் வைத்து இன்று காலை இறங்கினேன், தம்பி பக்கத்தில் நின்றான். மூன்று நிமிடம்.

குழாய்வேலை எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி. பைப்பைத் தண்ணீருக்கு அடியில் இறக்கியிருக்கிறீர்கள் அல்லவா, வெளியே ஹோஸ் பிடுங்கினால் இப்போது அந்த வழியாகவும் தண்ணீர் சைஃபன் ஆகி வெளியே வரும். உள்ளே போகிற பைப்பில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடுங்கள். மட்டம் அந்தத் துளைக்கு இறங்கியதும் காற்று உள்ளே போய் ஓட்டம் அறுந்துவிடும். ஒரு வாரம் கழித்து நட்டுகளை ஒரு முறை கையால் தொட்டுப் பாருங்கள், புது வாஷர் கொஞ்சம் அமுங்கியிருக்கும், தளர்ந்திருந்தால் மட்டும் லேசாக ஒரு இழுப்பு.